முப்பத்தெட்டாம் கொக்கி

"நம்பர் ஒண்ணு" என்று கப்பலாட்களின் தலைவரான சாரங்கு சாவந்த் கூப்பிட்டார். முன் வரிசையில் ஒருவன் "ஆஜர்" என்றான். பொனிபாஸ் தன் சட்டைப்பையை வெளியிலிருந்தே தொட்டுப் பார்த்தான். இரண்டு இருந்தன. இன்னொரு தரம் தொட்டாலும் இரண்டுதான் இருக்கும் என்று தெரிந்தும் இன்னொரு தரம் தொட்டான். எட்டணாக் காசு அளவில் இரண்டு பித்தளை வில்லைகள், மேலே தொங்கவிட ஒரு துளை, நடுவில் எண். ஒன்றில் முப்பத்தேழு, அது அவனுடையது. மற்றதில் முப்பத்தெட்டு, அது தஸ்நேவிஸுடையது. தஸ்நேவிஸ் பொனிபாஸின் தங்கை பெர்பெத்தைக் கட்டியவன், தூத்துக்குடியில் அவனோடு ஒரே வள்ளத்தில் சங்கு குளித்தவன், போர் வந்தபின் அவனோடு ஒரே நாளில் கையெழுத்துப் போட்டு இந்தக் கப்பலில் சேர்ந்தவன். "நம்பர் ரெண்டு." "ஆஜர்." தளம் பின்பக்கமாகச் சரிந்திருந்ததால் எல்லாரும் ஒரு காலை மடக்கி ஒரு காலை ஊன்றி, மலைச்சரிவில் நிற்கிற ஆடுகளைப் போல நின்றார்கள். திருகோணமலைத் துறைமுகத்தின் அந்தக் கரையில் எண்ணெய்த் தொட்டி ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அந்தப் புகை சூரியனை மறைத்தும் விட்டும் போனது. மறைக்கும்போது தளம் கறுத்தது, விடும்போது தலை சுட்டது. ஈஸ்டர் கழிந்து நாலாம் நாள். ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் குண்டு விழுந்தது என்று கேள்விப்பட்டதிலிருந்து இங்கேயும் வரும் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாளே மற்றக் கப்பல்கள் புறப்பட்டு ஆழ்கடலுக்குப் போய்விட்டன. நரைச்சி மட்டும் கொதிகலனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு துறையிலேயே கிடந்தாள். கப்பலின் நெற்றியில் எழுதியிருந்த இங்கிலீஷ் பெயர் இவர்கள் வாயில் நுழையாததால், சாம்பல் பெயின்டைப் பார்த்துத் தெற்கத்திக்காரர்கள் வைத்த பெயர் நரைச்சி. வைத்ததும் தஸ்நேவிஸ்தான். "நம்பர் மூணு." இன்னும் முப்பத்தைந்து இருக்கிறது என்று பொனிபாஸ் கணக்குப் பார்த்தான். முப்பத்தைந்து பெயர் முடிவதற்குள் அவன் ஏணியில் ஏறி வந்துவிட்டால் போதும். வர மாட்டான் என்று அறிந்த பிறகும் மனசு இப்படி ஒரு கணக்கைப் போட்டது, போட்டுவிட்டு ஏணிப் பக்கம் பார்த்தது. ஏணி சும்மா இருந்தது.

வில்லை என்பது என்ன? சேர்ந்த முதல் வாரத்தில் சாரங்கு அதைப் பத்துத் தரம் சொன்னார், தமக்குத் தெரிந்த துறைமுகத் தமிழில். "மருந்தறைக்கு உள்ளே போறான், வில்லை கொக்கியிலே மாட்டு. வெளியே வர்றான், வில்லை எடு. பலகை காலி, அறை காலி. பலகை பொய் சொல்லாது." வெடிமருந்து அறையின் மூடிக்குப் பக்கத்தில் இருந்தது அந்தப் பலகை, வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண். எவன் போனாலும் மூடிக்காரன் மீரா உசேன் பலகையைப் பார்த்து உரக்கச் சொல்வான்: "உள்ள ஒண்ணு." "உள்ள ரெண்டு." அதுதான் அவன் வேலை. இவ்வளவு எளிது. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். ஆனால் பொனிபாஸின் கைக்கு வேறொரு பாடம் முன்பே தெரிந்திருந்தது, பதினான்கு வருஷப் பாடம். சங்குக் குளிப்பில் தஸ்நேவிஸ் இறங்குகிறவன், பொனிபாஸ் கயிறு பிடிக்கிறவன். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குமுன் தஸ்நேவிஸ் கழுத்தில் கிடக்கும் மாதா படம் தைத்த உத்தரியத்தைக் கழற்றி நீட்டுவான், பொனிபாஸ் அதை வாங்கி மடியில் செருகுவான். கீழே போகிறவன் சாமான் மேலே இருக்கிறவன் மடியில் இருக்க வேண்டும். அவர்கள் வள்ளத்தில் எல்லாச் சோடிகளும் அப்படித்தான் செய்தார்கள். மடியில் அது இருக்கிறவரை கயிறு பிடிக்கிறவனுக்கு அசதி வராது, வேறு பக்கம் கண் போகாது, கீழே ஓர் ஆள் இருக்கிறான் என்று இடுப்பு சொல்லிக்கொண்டே இருக்கும். எட்டுப் பாகம், ஏறக்குறைய ஐம்பதடி, ஆழத்திலிருந்து மூன்று இழுப்பு வந்தால் தூக்க வேண்டும். ஒரு தரமும் தப்பியதில்லை. ஒரு தரமும். கப்பலுக்கு வந்த பிறகும் முதலில் மேலே ஏறுகிறவன் இரண்டு வில்லையையும் எடுத்துக்கொள்வது எப்போது தொடங்கியது என்று அவனுக்கு நினைவில்லை. யாரும் முடிவு செய்யவில்லை. கை நீண்டது, எடுத்தது, பைக்குள் போட்டது. மற்றவன் நாலு படி பின்னால் வந்துகொண்டிருப்பான், அவ்வளவுதான் வித்தியாசம். வள்ளத்தில் மடியில் இருந்தால் கீழே ஆள் இருக்கிறான் என்று பொருள். கப்பலில் பையில் இருந்தால் கீழே ஆள் இல்லை என்று பொருள். இவ்வளவு நாள் ஏன் இது தனக்குத் தோன்றவில்லை? இரண்டும் ஒரே காரியம் போல இருந்ததால் தோன்றவில்லை. "நம்பர் பதினொண்ணு." "ஆஜர்." "பன்னிரண்டு." பதில் இல்லை. "பன்னிரண்டு?" "அங்க இருக்கான் ஐயா" என்று ஒருவன் தார்ப்பாய் விரித்திருந்த மூலையைக் காட்டினான். சாரங்கு நோட்டில் சின்னதாக ஒரு சிலுவை போட்டார். அவர் இந்து, ஆனால் இறந்தவனுக்கு நோட்டில் சிலுவைதான் போட வேண்டும் என்பது கப்பல் வழக்கம். தார்ப்பாயின் ஓரத்தில் ஒரு கால் வெளியே தெரிந்தது, யாரோ அதன் மேல் ஒரு தொப்பியை வைத்திருந்தார்கள்.

மூன்றாவது வெப்பமானி. அங்கேதான் எல்லாம் சிக்கிக்கொண்டு நிற்கிறது. பின்பக்கப் பீரங்கி பழுதாகி ஒரு வாரமாகக் கரைக்குப் போயிருந்தது, அதனால் பின் மருந்தறையில் குண்டு எடுக்கிற வேலை இல்லை. காலையில் ஒரு தரம் இறங்கி மூன்று வெப்பமானியும் என்ன காட்டுகிறது என்று சிலேட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும், அவ்வளவே. இரண்டு பேர் போவார்கள். தீக்குச்சி, பீடி, இரும்பு எல்லாம் மேலே வைத்துவிட்டு, ஆணியில்லாத துணிச்செருப்பு மாட்டிக்கொண்டு இறங்க வேண்டும். இன்று காலையும் மீரா உசேன், "உள்ள ரெண்டு" என்று சொல்லிவிட்டு, "சீக்கிரம் வாங்க மாப்ள, இன்னைக்கு ரொட்டி சூடா இருக்காம்" என்றான். உள்ளே தக்கை பதித்த சுவர்கள், ஒரு சத்தமும் கேட்காது. மூச்சு விட்டால் அதுதான் சத்தம். இரண்டு வெப்பமானி பார்த்தாகிவிட்டது. பொனிபாஸ் ஏணியில் ஏறி நாலு படி போனபின்புதான் தஸ்நேவிஸ் சொன்னான்: "ஏ, மூலையில இருக்கத பாக்கலயே." "நேத்து எழுதுனதையே எழுதும் மச்சான். இந்தக் குழிக்குள்ள ஒரு ராத்திரியில என்ன மாறிரப் போவுது?" "நேத்தும் நீரு இதத்தான் சொன்னீரு. முந்தாநேத்தும். அப்ப அந்தக் கண்ணாடிக் குழாய எதுக்குத் தொங்க விட்டிருக்கான், அழகுக்கா? நீரு போயி வரிசையில நில்லும். எனக்கும் சேத்து ஒரு குவளை வாங்கும், சீனி போடச் சொல்லும், அந்தச் சமையக்காரன் எனக்கு மட்டும் சீனி போட மாட்டுக்கான்." "நீரு அவன் மூக்கப் பத்திப் பாட்டுக் கட்டுனா போடுவானா?" கீழேயிருந்து சிரிப்பு வந்தது. சிரித்தபடி அவன் மூலைக்குப் போன துணிச்செருப்புச் சத்தம், அதாவது சத்தமில்லாத சத்தம். பொனிபாஸ் மேலே வந்தான். மீரா உசேன் இல்லை, தண்ணீர் குடிக்கவோ எதற்கோ போயிருந்தான். கை நீண்டது. இரண்டையும் எடுத்தது. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் பொனிபாஸ் அந்தக் கையை நிறுத்திப் பார்த்தான். ஒன்றை மட்டும் எடு என்று சொல்லிப் பார்த்தான். அது கேட்காமல் இரண்டையும் எடுத்துக்கொண்டு தேநீர் வரிசைக்குப் போனது. இரண்டு குவளை வாங்கினான், சீனியோடு. தூரத்தில் மீரா உசேன் மூடிப் பக்கம் திரும்பி வந்து, காலிப் பலகையைப் பார்த்துவிட்டு, இவனைப் பார்த்துக் கையை ஆட்டினான். இவனும் குவளை பிடித்த கையைத் தூக்கி ஆட்டினான். என்ன கேட்டான் அவன், இவன் என்ன சொன்னான்? ஒன்றும் இல்லை, காலையில் ஒருவனை ஒருவன் பார்த்தால் கை ஆட்டுவார்கள். அந்த நிமிஷத்தில்தான் வானம் சத்தம் போட்டது. அபாயச் சங்கு ஊதியது, விமானங்கள் துறைமுகத்தை ஒட்டிய சுவாமி மலைக்கு மேலாகச் சின்னச் சின்னதாக, வெயிலில் மினுங்கிக்கொண்டு வந்தன. என்ன ஒழுங்காக வருகின்றன என்றுதான் முதலில் தோன்றியது. சங்கு ஊதினால் மூடியை மூடித் திருகிவிட வேண்டும். மீரா உசேன் மூடினான், திருகினான். பொனிபாஸ் இரண்டாவது குவளையைச் சிந்தாமல் ஒரு கயிற்றுச் சுருளின் நடுவில் வைத்தான், மேலே ரொட்டியை மூடி வைத்தான். வைத்துவிட்டுத்தான் ஓடினான்.

"பத்தொன்பது." பதில் இல்லை. "பத்தொன்பது, கணபதி ராவ்?" "நான் பார்த்தேன் ஐயா" என்றான் ஒரு சமையல்காரன். "துறையில குதிச்சு மூட்டை முடிச்சோட ஓடுற கூலி ஆளுங்களோட அவனும் கண்டி ரோட்டுப் பக்கம் ஓடுனான்." சாரங்கு காதில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்தார். ஒரு கோடு இழுத்தார், அதன் பக்கத்தில் ஒரு சொல் எழுதினார். அந்தச் சொல் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். ஓடிப்போனவன். அந்தக் கோடு நோட்டோடு நிற்காது. கடுதாசியாகி ஊருக்குப் போகும், போலீஸ்காரன் கையில் ஏறித் தெருவுக்கு வரும், வீட்டு வாசலில் நின்று, "உன் புருசன் எங்கே ஒளிஞ்சிருக்கான்?" என்று கேட்கும். தஸ்நேவிஸுக்கும் அந்தக் கோடு விழுந்தால் பெர்பெத்து என்ன சொல்வாள்? அவள் முதலில் சிரிப்பாள், தன் புருஷன் ஓடுகிறவன் என்று யாராவது சொன்னால் அவளுக்குச் சிரிப்புத்தான் வரும். இரண்டாம் தரம் கேட்கும்போது சிரிக்க மாட்டாள். அப்புறம் ஒவ்வொரு இரவும் கதவைத் தாழ் போடாமல் வைத்திருப்பாள், ஓடியவன் ஒரு நாள் வந்துதானே ஆக வேண்டும் என்று. வருஷக்கணக்கில் வைத்திருப்பாள். அவள் அப்படிப்பட்டவள். பொனிபாஸுக்கு அந்தக் கதவு தெரிந்தது, அதன் கீழ்ப்பலகை உப்புக்காற்றில் அரித்து எலி நுழைகிற அளவு விட்டிருந்தது, ஈஸ்டருக்கு வந்து அடைத்துத் தருகிறேன் என்று தஸ்நேவிஸ் எழுதியிருந்தான். பக்கத்தில் நின்ற மீரா உசேன் தோளால் இடித்தான். அவன் கைகள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன, அதை மறைக்க இரண்டையும் அக்குளில் செருகியிருந்தான். "தஸ்நேவிஸக் காணலியே மாப்ள. தண்ணியில குதிச்சிருப்பானோ? குதிச்சா என்ன, உங்க ஆளுக மீன் மாதிரில்ல. இந்நேரம் அந்தக் கரையில ஏறி எளநி குடிச்சிக்கிட்டு இருப்பான்." பொனிபாஸ் தலையை ஆட்டினான். ஆட்டியது ஆமாம் என்றா இல்லை என்றா என்று அவனுக்கே தெரியவில்லை. "கடல் தண்ணிய உள்ள விடுற சக்கரத்த நான் திருப்புறப்ப பயந்துட்டேன் மாப்ள" என்று மீரா உசேன் மெல்லிய குரலில் தொடர்ந்தான். "மேல தீ. கீழ அம்புட்டு மருந்து. இன்னும் ரெண்டு நிமிசம் போயிருந்தா இந்தக் கப்பலும் இல்ல, நூத்தி இருவது பேரும் இல்ல. சாரங்கு என் முதுகுல தட்டுனாரு. ஆனா காதுக்குள்ள என்னமோ ஆயிருச்சு. தண்ணி பாயும்போது குழாயில டொக், டொக், டொக்னு மூணு தரம் கேட்டுச்சு. காத்து அடைச்சிருக்கும், இல்லியா? பலகை காலிதானே." மூன்று தரம். பொனிபாஸ் தன் இடுப்பில் ஒரு இழுப்பை உணர்ந்தான், கயிறு இல்லாத இடுப்பில்.

குண்டு விழுந்தபோது அவன் பின்பக்கத்தில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தான். தீ தளத்தின் பலகைகளைத் தின்றுகொண்டு மருந்தறைக்கு நேர் மேலே வந்தபோது சாரங்கு கத்தினார்: "பின் மருந்தறை! தண்ணி விடு!" மீரா உசேன் பலகையைப் பார்த்துத் திருப்பிக் கத்தினான்: "பலகை காலி!" அதைப் பொனிபாஸ் தன் காதால் கேட்டான். கேட்டதும் என்ன நினைத்தான்? அப்பாடா என்று நினைத்தான். மச்சான் மேலே வந்துவிட்டான் என்று நினைத்தான். யார் அந்தப் பலகையைக் காலி செய்தது என்று நினைக்கவில்லை. குழாயின் உதறலும் புகையும் சூடும் இருந்தன, அதற்கு நேரமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அப்பாடா என்று நினைக்க நேரம் இருந்தது. கடல் எட்டு நிமிஷத்தில் அந்த அறையை நிரப்பிவிடும் என்று சொல்வார்கள். தஸ்நேவிஸ் எண்பது எண்ணுகிறவரை மூச்சடக்குவான், ஒரு பந்தயத்தில் நூறு. கூரைவரை நிரம்புகிற எட்டு நிமிஷம், அதன் மேல் நூறு எண்ணிக்கை. அந்த நேரம் முழுவதும் இவன் பத்தடி மேலே நின்று தீயை அணைத்துக்கொண்டிருந்தான், நன்றாகவே அணைத்தான், கப்பலின் வெள்ளைக்காரத் துரை பார்த்து சபாஷ் என்றார். எல்லாம் ஓய்ந்து வெகு நேரம் கழித்து, முகம் துடைக்கத் துணி எடுக்கப் பைக்குள் கை விட்டபோது விரலில் இரண்டு பித்தளை பட்டது. அப்போது மணி எட்டரை. இதை யாரும் பார்க்கவில்லை. "இருபத்தெட்டு." "ஆஜர்." "இருபத்தொன்பது." "ஆஜர்." சொல்லாவிட்டால் என்ன ஆகும்? நாளைக்குக் காலையில் இழுவைப் படகு வந்து நரைச்சியை ஆழத்துக்கு இழுத்துப்போய் மூழ்கடித்துவிடும் என்று துரை சொன்னதாகப் பேசிக்கொண்டார்கள். இனி இவளைச் செப்பனிட முடியாது, துறையையும் அடைத்துக்கொண்டு கிடக்கிறாள். அப்புறம் யாரும் எதையும் அறியப் போவதில்லை. சொன்னால் தன்னைப் பிடித்து அடைப்பார்கள், அடைக்கட்டும். ஆனால் மீரா உசேனின் இந்தக் கைகளுக்கும் தெரிந்துவிடும். கப்பலைக் காப்பாற்றிய கை என்று இப்போது நடுங்குகிறது, அப்புறம் வேறு விதமாக நடுங்கும், சாகும்வரை. ஒருவனைக் காப்பாற்ற இன்னொருவனை ஓடிப்போனவனாக ஆக்கலாமா? அவனைக் காப்பாற்றத்தானா, அல்லது தன்னையா? பெர்பெத்துக்கு என்ன எழுதுவது? நான்தான் என்று எழுதுவதா? கயிறு பிடிக்கிறவன் நான்தான் என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியுமே, அந்த நம்பிக்கையில்தானே கல்யாணத்துக்கே சம்மதித்தாள். அவன் கண் தானாகக் கயிற்றுச் சுருளுக்குப் போனது. குவளை அங்கேயே இருந்தது. தீயணைத்த தண்ணீர் இத்தனை பாய்ந்தும், தளம் இவ்வளவு சரிந்தும், சுருளின் நடுவில் சாய்ந்தபடி, சிந்தாமல், ரொட்டி ஊறிப்போய், ஓரத்தில் தேநீர் ஆடை படிந்து நின்றது.

"முப்பத்தேழு." "ஆஜர்" என்றான், குரல் வந்தது. "முப்பத்தெட்டு." சாரங்கு நிமிர்ந்து பார்த்தார். "முப்பத்தெட்டு, தஸ்நேவிஸ்? அரே, அந்தப் பாட்டுக்காரன் எங்கே? வில்லை எடுத்துட்டு வெளியே வந்துட்டான், நான் பலகை பார்த்தேன். பிணத்திலே இல்லே, ஆசுபத்திரியிலே இல்லே. யாராவது தண்ணியிலே பார்த்தீங்களா?" எங்கோ ஓர் இரும்பு சூடு ஆறிச் சடசடத்தது. சாரங்கு காதுப் பக்கம் கையைக் கொண்டுபோனார். அந்தச் சிவப்பு நுனி நோட்டைத் தொடுவதற்கு முன் இருந்த இடைவெளி, ஒரு முழம் இருக்குமா, அதற்குள் பொனிபாஸ் அந்த மூன்றாவது வெப்பமானியை நினைத்தான். யாரும் கேட்காத ஒரு எண்ணைப் பார்த்து எழுதத் திரும்பிப் போனவனை நினைத்தான். "அவன் ஓடல ஐயா" என்றான். வரிசையை விட்டு வெளியே வந்து உள்ளங்கையை விரித்தான். "அவன் வெளிய வரல. வில்லைய எடுத்தது நான். ரெண்டையும் நான்தான் எடுத்தேன். முப்பத்தெட்டு உள்ள இருக்கான்." சாரங்கு வில்லைகளைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார். பென்சிலைத் திரும்பக் காதில் செருகினார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் தம் மொழியில் அதை முணுமுணுத்துக்கொண்டார். பின்னால் மீரா உசேன் "யா அல்லா" என்று தரையில் உட்கார்ந்துவிட்ட சத்தம் கேட்டது. பொனிபாஸ் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் சொல்ல வேண்டிய மிச்சத்தைச் சொல்ல முடியாது. "இவளை நாளைக்கு ஆழத்துக்குக் கொண்டுபோகப் போறாங்க. அதுக்கு முன்னால நான் இறங்கி எடுத்துட்டு வாரேன். அப்புறம் என்னைய எங்க கூட்டிட்டுப் போகணுமோ போங்க." "நீ கயிறு பிடிக்கிறவன். முங்குறவன் அவன்தானே, உங்க ரெண்டு பேரும் சொல்லியிருக்கே" என்றார் சாரங்கு. "ஆமா ஐயா. இன்னைக்கு நான் இறங்குறேன்."

மூடியைத் திறந்தபோது தண்ணீர் விளிம்புவரை நின்றது, எண்ணெய் படர்ந்து, கறுத்து, கொஞ்சமும் அசையாமல். ஒரு துணிச்செருப்பு மிதந்தது. பொனிபாஸ் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மறுமுனையை யாரிடம் கொடுப்பது என்று பார்த்தான். மீரா உசேன் கை நீட்டினான். அவன் முகம் அழுது ஓய்ந்து வேறு யாருடைய முகமோ போல இருந்தது. ஆனால் கயிற்றை வாங்கித் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, காலை விளிம்பில் ஊன்றி, சரியாகத்தான் நின்றான். "மூணு தரம் இழுத்தா தூக்கணும்" என்றான் பொனிபாஸ். "தெரியும்" என்றான் அவன். பொனிபாஸ் பலகைக்குப் போனான். முப்பத்தெட்டாம் கொக்கியில் முப்பத்தெட்டை மாட்டினான். பக்கத்துக் கொக்கியில் தன்னுடையதை மாட்டினான். கப்பல் சரிந்திருந்ததால் இரண்டும் பலகையில் ஒட்டாமல் ஒரே பக்கமாக விலகித் தொங்கின. அவன் விளிம்பில் உட்கார்ந்து காலை நீருக்குள் விட்டான். ஏப்ரல் மாதத்துக் கடல், ஆனாலும் குளிர்ந்தது. மீரா உசேன் பலகையை நிமிர்ந்து பார்த்தான், அது அவன் வேலை. சொல்லாமல் விட்டுவிடுவான் போல இருந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னான்.

"உள்ள ரெண்டு."